மூச்செடுத்த இடம்

மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். வினோதினி முதலில் பார்த்தது அதைத்தான். அதற்குப் பிறகு வேறு எதையும் அவளால் பார்க்க முடியவில்லை. மெர்வின் டிக்ரூஸ் மூக்கால்தான் காற்றை இழுப்பார், வாயை சாக்ஸபோனிலிருந்து எடுக்கவே மாட்டார். அந்த இழுப்பு மைக்கில் விழுந்து ஹோட்டல் ஹால் முழுக்கக் கேட்கும், சாப்பிட வந்தவர்கள் யாருக்கோ மூச்சு முட்டுகிறது என்று கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு துவாரங்களையும் யாரோ நன்றாக அழுத்தி அடைத்திருந்தார்கள். இடது பக்கம் ஓர் இழை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழுதட்டில் அறுபது வருஷம் பல் அழுந்தி உண்டான தழும்பின் மேல் வாஸ்லின் தடவியிருந்தார்கள், பனிக்காலத்தில் குழந்தைக்குத் தடவுகிற மாதிரி. கறுப்புக் கோட்டுக்குள் ஆள் பாதிதான் இருந்தார். சவப்பெட்டி பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கொரட்டூரில் அவள் வீட்டுப் பக்கத்துச் சாவுகளில் இந்தக் குழப்பமே கிடையாது, போனதும் யாராவது கட்டிக்கொண்டு அழுவார்கள், அழுது முடித்ததும் விட்டுவிடுவார்கள். பெரம்பூரில் இந்த வீட்டில் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற அம்மாள் தொண்டையைச் செருமினாள். வினோதினி நகர்ந்தாள். ஏதாவது பிரார்த்தனை செய்திருக்க வேண்டுமோ என்று வாசலைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது. செய்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள், என்னை மன்னித்துவிடுங்கள் என்றா, பஞ்சு வைத்த ஆளிடமா.

தெருவை அடைத்துப் போட்டிருந்த ஷாமியானாவில் கடைசி வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கே போனாலும் அவளுக்கு அந்த நாற்காலிதான். கல்லூரியில் ஐந்து வருஷம் புள்ளியியல் படித்ததும் கடைசி பெஞ்சில் இருந்துதான், வாத்தியார்களுக்கு அவள் பெயர் தெரியாது, விடைத்தாளைத்தான் தெரியும். இன்றைக்கு ஆபீசில் லீவு கேட்டபோது யார் இறந்தது என்றார்கள். தூரத்து மாமா என்று சொன்னாள். சாக்ஸபோன் வாசிக்கிற ஆங்கிலோ இந்தியத் தூரத்து மாமா. சிரிப்பு வந்தது, இங்கே சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள், கடித்ததும் அந்தத் தழும்பு ஞாபகம் வந்தது. கல்லறை வண்டி நாலு மணிக்கு. இப்போது மூன்று பத்து. ஐம்பது நிமிஷம். இந்த ஐம்பது நிமிஷத்துக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் வந்தாள். மின்சார ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்: ஆன்ட்டி, அன்னைக்கு முதல்ல கைத்தட்டினது நான்தான். ஐந்து சொல். யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அவள் ஒருத்தியைத் தவிர. "மறந்துட்டான் மென், அவ்வளவுதான்," என்று முன்வரிசையில் மெர்வின் குழுவின் பியானோ லயனல் உரக்கச் சொன்னார். வலது காது கேட்காததால் அவருக்கு எதையுமே உரக்கத்தான் சொல்ல வரும். "பாதி வழியில ட்யூன் போயிடுச்சு. நான் மட்டும் உள்ள நுழையலன்னா அன்னைக்கே அவமானம். நான்தான் அவனைக் காப்பாத்தினேன்." அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த டிரம்ஸ் ஹ்யூபர்ட், எண்பதைத் தொடப்போகிற மெலிந்த மனுஷர், டீ கப்பைத் தரையில் வைத்தார். "நீ காப்பாத்தினியா? நீ கொன்னே. மெர்வின் மறக்கிற ஆளா? அவன் சும்மா இருந்தான். நான் எண்ணிட்டு இருந்தேன் மென். தாளத்துல நாலு சுற்று வாசிக்காம விட்டான். அஞ்சாவதுல வந்திருப்பான். எவனோ ஒரு முட்டாள் அதுக்குள்ள தட்டிட்டான்." "எவனும் தட்டல, எல்லாரும் தட்டினாங்க." "எல்லாரும் தட்டுறதுக்கு ஒருத்தன் முதல்ல தட்டணும் மென்." வினோதினி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

எவனோ ஒருத்தன் என்கிறார். ஆணாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார். அந்த முட்டாள், ஹோட்டலில் எப்போதும் முன்மேஜையில் உட்காரும் நீலக் கோட்டுக்காரனாகவே இருந்திருக்கலாம். அவனாக இருந்திருந்தால் இந்நேரம் அவள் அவனை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். எழும்பூரில் அந்தப் பழைய ஹோட்டலின் முதல் மாடிக்கு அவள் முதன்முதலில் போனது யாரோ கொடுத்த டிரீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணிப் பாத்திரங்களுக்குப் பக்கத்து மூலையில் மூன்று கிழவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்தவர்கள் குலாப் ஜாமூனை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும், ஏன் என்று இன்றுவரை தெரியாது, யாரோ தன்னிடம் தனியாகப் பேசுகிற மாதிரி இருந்தது, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத பேச்சு. அடுத்த ஞாயிறு தனியாகப் போனாள். ஒரே ஒரு லெமன் சோடா, இரண்டு மணி நேரம். "மேடம், இன்னைக்காவது ஒரு சூப்பு?" என்று சர்வர் கேட்டுச் சிரிப்பான். மூன்றாவது வாரம் ஒரு ராகத்தை ரசித்த மாதிரி நடுவில் "ஆஹா" என்றுவிட்டாள். முன்மேஜை நீலக் கோட்டுக்காரன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். கோபம் கூட இல்லை, அவன் பார்வையில் இருந்தது இரக்கம். அவள் வீட்டுக்கு வந்து படித்தாள். ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டவேண்டும், அதுதான் மரியாதை. முடிகிற இடம் தெரிந்து தட்டுகிறவர்தான் கேட்கத் தெரிந்தவர். நீலக் கோட்டுக்காரனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டிருப்பான், சரியான இடத்தில் கை தானாக எழும்பும், மற்ற மேஜைகள் எல்லாம் அவனைப் பார்த்துத் தட்டும். பியானோ பாதி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் லயனலுக்கு மெர்வின் தெரியமாட்டார். அவரும் அந்தக் கைத்தட்டலைத்தான் சைகையாக வைத்துக்கொண்டு தன் முறையைத் தொடங்குவார். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கவனித்துச் சேர்த்தாள். நாலு மாதத்தில் அவனை முந்த ஆரம்பித்தாள். அவன் கை எழுவதற்கு ஒரு கணம் முன்னால் கடைசி மேஜையிலிருந்து அவள் கை. அவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பலுக்காகத்தான் திங்கள் முதல் சனி வரை அவள் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா, இசைக்காக இல்லை, அதற்காக.

இல்லை, அது பொய், இசைக்காகவும்தான். மெர்வினே சொன்னார் அல்லவா. மாடிப்படியில் ஒருநாள், சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தவர் நின்றார். "நீதானே கடைசி மேஜை?" அவள் தலையை ஆட்டினாள். "நல்லாக் கேக்கறே சைல்ட். மத்தவங்க நான் வாசிக்கிறதை மட்டும் கேக்கறாங்க. நீ வாசிக்காததையும் கேக்கறே." அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் ஒருவர் அவளைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய விஷயம், அதுவும் அவள் ஒரு வார்த்தை பேசாமலே. நன்றி என்று கூடச் சொல்லவில்லை, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் நாலு மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதை எடுத்தால் கையைச் சுடுகிறது. வாசிக்காததையும் கேட்கிறாளாம். எத்தனை பெரிய தப்புக் கணக்கு, மனுஷனுக்கு ஆளை எடைபோடவே தெரியவில்லை, அதற்கான தண்டனையை அவரே வாங்கிக்கொண்டார் என்று ஒரு நினைப்பு ஓடியது. எவ்வளவு கேவலமான நினைப்பு என்று அடுத்த நினைப்பு ஓடியது. ஆனால் முதல் நினைப்பில் கொஞ்சம் சுகம் இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. அவளுடைய வியாதியே அதுதான், எதையும் கவனிக்காமல் விடாதது.

அன்றைக்கு அவர் நுரையீரல் கோளாறில் இரண்டு மாதம் படுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். ஹால் நிரம்பியிருந்தது. மனைவி இறந்த வருஷம் அவரே கட்டிய மெதுவான மெட்டு, அதற்குப் பியானோ ஒதுங்கிக்கொள்ளும், ஹ்யூபர்ட்டின் கம்பி பிரஷ் மட்டும் டிரம் தோல்மேல் தேய்ந்துகொண்டிருக்கும். வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். சாக்ஸபோன் வாயிலேயே இருந்தது. கண் திறந்திருந்தது. தேய்ப்பு, தேய்ப்பு, தேய்ப்பு. ஏசியின் உறுமல். யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அவளுக்கு அந்த மௌனம் எவ்வளவு பிடித்திருந்தது என்பதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்போது நீலக் கோட்டுக்காரனின் கை மேஜையிலிருந்து எழும்பியது. ஓர் அங்குலம். மூக்குத் துடைக்கத்தானோ என்னவோ. அதே நேரம் ஸ்பீக்கரில் அந்த மூச்சு இழுபடும் சத்தம் வந்தது. வந்தது. எப்போதும் போல் அன்றும் போனில் பதிவு செய்திருந்ததைப் பிறகு நாற்பத்தொரு தடவை கேட்டுவிட்டாள், மௌனத்தின் பதினோராவது வினாடியில் முதலில் மூச்சு, பிறகுதான் அவள் கை. அவள் கேட்டாள். அவர் வரப்போகிறார் என்று அவள் உடம்புக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நீலக் கோட்டுக்காரனை முந்த வேண்டியிருந்தது. அவள் தட்டினாள். ஹால் தட்டியது. லயனலின் பத்து விரலும் கட்டைகள் மேல் விழுந்தன. மெர்வின் நெஞ்சு தூக்கியபடியே நின்றார், இழுத்த காற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத ஆள் மாதிரி. பிறகு அது வெறுங்காற்றாக வெளியே போனது, இருமினார், அரை அடி பின்னால் நகர்ந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கைத்தட்டல் இன்னும் ஓங்கியது. யார் என்று கேட்கிற மாதிரி ஹாலைப் பார்த்தார். மேஜை மேஜையாகப் பார்வை வந்தது. கடைசி மேஜைக்கு வந்ததும் அதைத் தாண்டிப் போய்விட்டது. அங்கிருந்து வந்திருக்க முடியாது என்று அவருக்கு நிச்சயம். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள், அந்த நிச்சயத்தைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த ஞாயிறும் வரவில்லை. ஏழு வாரம். நேற்று காலை போய்விட்டார்.

"ஏழு வாரமும் அதே பேச்சு." அவளுக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது ஷெரில், மெர்வினின் ஒரே மகள், ஐம்பது வயதிருக்கும், வீங்கிய கண், காலில் செருப்பில்லை. பக்கத்தில் ஒரு சித்தி மகள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "நான் மறக்கலம்மா, மூச்சு எடுத்துட்டேன், அதுக்குள்ள தட்டிட்டாங்கன்னு சொல்வார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டாடி, எல்லாக் கிழவனும் இதையேதான் சொல்வான்னு சொன்னேன். இன்னொரு தடவை போய் எல்லார் முன்னாடியும் நின்னு முழிக்க வேணாம்னுதான் சாக்ஸபோனைப் பெட்டியோட பீரோ மேல தூக்கி வெச்சேன். அவருக்கு எட்டாது. நாலு நாள் கேட்டார். எடுத்துக் குடும்மா, ஒரு தடவை வாசிச்சுக் காட்டறேன், எங்க விட்டேனோ அங்கேருந்து வாசிச்சுக் காட்டறேன்னு. அஞ்சாவது நாள்லேருந்து கேக்கல." "விடு ஷெரில்." "மறந்துட்டார்னா நான் செஞ்சது சரி. மறக்கலன்னா? மறக்கலன்னா நான் யாரு?" "லயனல் அங்கிளே சொல்றாரே மறந்துட்டார்னு." "லயனல் அங்கிளுக்குக் காதும் இல்ல, அவர் பார்க்கவும் இல்ல. ஹ்யூபர்ட் அங்கிள் இல்லைங்கறார். நான் எதை எடுத்துட்டு கல்லறைக்குப் போறது?"

வினோதினியின் ஐந்து சொல் வந்த வழியே திரும்பிப் போனது. இது அவள் நினைத்து வந்த மாதிரி இல்லை. நினைத்து வந்தது வேறு: சொல்வாள், ஷெரில் அழுவாள், அல்லது அறைவாள், அறை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இப்போது சொன்னால் அறை அவளுக்கு விழாது, அந்த வெறுங்கால்காரிக்கு விழும், ஆயுசுக்கும் விழும். சொல்லாவிட்டால் பெட்டிக்குள் இருப்பவர் மறந்துபோன கிழவராகவே மண்ணுக்குள் போவார். அவருக்கு இனி என்ன. அவருக்கு இனி எதுவும் இல்லை. அப்படியா? நாலு நாள் பீரோவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற ஆளுக்கு எதுவும் இல்லையா? உயிரோடிருக்கிறவளைக் காப்பாற்றுவதுதான் நியாயம் என்று ஒரு குரல் சொன்னது, நல்ல, படித்த குரல். வினோதினி அந்தக் குரலை உற்றுப் பார்த்தாள். அதற்குப் பின்னால் நாற்பது நாற்காலி இருந்தது. நாற்பது நாற்காலியும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்ப்பது இருந்தது. இவளா, இந்தப் பொண்ணா. ஹ்யூபர்ட்டின் முட்டாள் என்கிற வார்த்தை வந்து அவள் நெற்றியில் உட்காருவது இருந்தது. இரக்கம் என்று ஒன்று அதில் இருந்ததா என்று தேடினாள். தேடினால் கிடைக்கலாம், ஆனால் தேடும் அளவுக்குத்தான் இருந்தது. எழுந்து போய்விடலாம். மூன்று நாற்பது. செருப்பு வார் சரியாகத்தான் இருக்கிறது, எழுந்து போய்விடலாம். அப்போது லயனல் நாற்காலியோடு திரும்பி விரலை நீட்டினார். "யாரையாவது கேக்கணும்னா அதைக் கேளு மென். அந்தக் கடைசிச் சேர் பொண்ணு. ஒரு வாரம் விடாது, அன்னைக்கும் இருந்தது. வாயே தொறக்காது, ஆனா கண்ணு எல்லாத்தையும் பார்க்கும்."

ஷெரில் திரும்பினாள். பிறகு எழுந்தே வந்துவிட்டாள், வந்து வினோதினியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளையே. "நீ யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. டாடி உன்னைப் பத்திச் சொன்னதில்ல." சொன்னதில்லை. ஒரு தடவை கூட. மாடிப்படியில் சொன்னதை அவர் படியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அவள்தான் நாலு மாதம் அதற்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். "உண்மையைச் சொல்லு. எனக்காகச் சொல்லாதே. மறந்துட்டாரா?" "மறந்துட்டார் ஆன்ட்டி," என்றாள் வினோதினி. அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வந்தது, தங்குதடையில்லாமல் வந்தது. "விரல் தேடிச்சு ஆன்ட்டி. மேல ரெண்டு கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணு பயந்துபோச்சு. லயனல் அங்கிள் பக்கம் திரும்பினார், யாராவது எடுத்துக்குடுங்கன்னு கேக்கற மாதிரி. பார்க்கவே பாவமா இருந்தது." ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்த்த மாதிரியே இருந்தது; அவளே பார்த்துவிட்டாள். ஷெரிலின் முகம் உடைந்தது. அழுகையில் அல்ல, இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று கழன்ற மாதிரி. "அதானே," என்றாள். "அதானே. அவரே பயந்திருக்கார். நல்லவேளை நான் எடுத்து வெச்சேன்." வினோதினியின் கன்னத்தில் முத்தமிட்டாள், வாஸ்லின் வாசனை அடித்தது. "காட் பிளெஸ் யூ சைல்ட்." எழுந்து லயனலிடம் போனாள், அங்கிருந்து அடுத்த வரிசைக்கு. விரல் தேடிச்சாம், கண்ணு பயந்துபோச்சாம். வார்த்தைகள் நாற்காலி நாற்காலியாகத் தாவிப் போவதை வினோதினி கேட்டுக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு நாற்காலியிலும் கொஞ்சம் கூடிக்கொண்டே போயின.

ஹ்யூபர்ட் வந்து நின்றார். டீ குடித்த வாய் ஓரம் ஈரமாக இருந்தது. "நீ முகத்தைப் பார்த்தியா?" "பார்த்தேன் அங்கிள்." "எனக்கு அவன் முதுகுதான் தெரியும். அம்பது வருஷமா முதுகுதான்." தன் முழங்காலில் விரலால் தட்ட ஆரம்பித்தார், மெதுவாக, உதடு அசைய எண்ணினார், நடுவில் நின்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "நாலு சுற்றுதானே விட்டான்? நாலு விட்டான்னா அது வேணும்னு விட்டது. அந்த மெட்டுல அவன் நாலு விடுவான். அதையாவது சொல்லு. நாலுதானே?" அவளுக்குத் தெரியும். பதினோரு வினாடி. போனை எடுத்து வைத்தால் போதும், வாயைக் கூடத் திறக்க வேண்டாம், இவர் ஒருவர் மட்டும் கேட்டால் போதும், அவர் நண்பர் மறக்கவில்லை என்று இந்த ஒருவருக்காவது நிச்சயமாகிவிடும். ஆனால் நாலு என்றால் விரல் தேடவில்லை. விரல் தேடவில்லை என்றால் கண் பயப்படவில்லை. "இல்ல அங்கிள்," என்றாள். "ஏழு எட்டு இருக்கும். ரொம்ப நேரம்." அவர் அவளைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, டாக்டரைப் பார்க்கிற மாதிரி. "ஏழா," என்றார். "எனக்கு நாலுன்னே இருந்தது. ஏழை நான் நாலுன்னு எண்ணியிருக்கேன்." தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: "ஹ்யூபர்ட் அங்கிள், பெட்டி தூக்கணும், வாங்க, நீங்க எண்ணிச் சொன்னாத்தான் எல்லாரும் ஒரே மாதிரி கால் வைப்பாங்க." அவர் அசையவில்லை. "வேற யாரையாவது எண்ணச் சொல்லு மென்," என்று உள்ளே பார்த்துச் சொன்னார், சத்தமே வரவில்லை, இன்னொரு தடவை சொன்னார். "ஞாயித்துக்கிழமைக்கும் வேற ஆள் பாக்கச் சொல்லு லயனல் கிட்ட." உள்ளே லயனலின் குரல் ஒன்று, இரண்டு என்று தொடங்கி, யாரோ முந்தி, யாரோ பிந்தி, பெட்டி கதவு நிலையில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஹ்யூபர்ட் உட்கார இடம் தேடினார். வினோதினி பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.